ஒரு ரீலின் விலை: கிரியேட்டர்களும் பிராண்டுகளும் நடத்தும் பேரம்

"உங்க கமர்ஷியல்ஸ் ஷேர் பண்ணுங்க." விளம்பர ஏஜென்சிகளிலிருந்து கிரியேட்டர்களுக்கு வரும் முதல் செய்தி பெரும்பாலும் இந்த ஒற்றை வரிதான். ரீலுக்கு எவ்வளவு, ஸ்டோரிக்கு எவ்வளவு, யூடியூப் வீடியோவின் நடுவே ஒரு நிமிடம் பேசினால் எவ்வளவு என்று உடனே எழுதி அனுப்பியாக வேண்டும். பொருள் என்ன, எடுத்த வீடியோவை நிறுவனம் எங்கெல்லாம் ஓட்டப்போகிறது, எத்தனை முறை திருத்தம் கேட்கும், பணம் எப்போது வரும் என்பதைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இருக்காது. எண்ணைக் கூட்டிச் சொன்னால் பதிலே வராது. குறைத்துச் சொன்னால் அரை நிமிடத்தில் 'டன்' என்று வந்து விழும். அந்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் சொன்னவருக்கு வயிற்றைக் கலக்கும்.

நாளிதழ் விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கு உண்டு. தொலைக்காட்சிக்குப் பத்து விநாடிக் கணக்கு உண்டு. பட்டியல் விலையில் தள்ளுபடி நடக்கும் என்றாலும் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. கிரியேட்டர்களுக்கு அதுவும் இல்லை. ஆலோசனை நிறுவனமான இ.ஒய். 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் இன்ஃப்ளூயன்சர் விளம்பரச் சந்தை அந்த ஆண்டு 2,344 கோடி ரூபாயைத் தொடும் என்று மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய சந்தையில் விற்பவருக்கும் தெரியாமல், பக்கத்தில் விற்பவருக்கும் தெரியாமல் விலை முடிவாகிறது என்பது விசித்திரம்தான். இந்த விலை எதைக்கொண்டு தீர்மானமாகிறது, 'புரொஃபஷனலாக நடந்துகொள்ளுங்கள், நல்ல விலை வரும்' என்று பயிற்சி வகுப்புகள் சொல்லும் அறிவுரை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்த அறிவுரை பளபளப்பைப் பற்றியே அதிகம் பேசுகிறது என்பதும், பணம் கசிவது ஒப்பந்தத் தாளில் என்பதும் இதன் வாதம்.

விலை வெளியே தெரிந்த சில தருணங்கள்

பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961இல் எழுதிய கட்டுரையில், ஒரே பொருள் ஒரே சந்தையில் வெவ்வேறு விலைக்குப் போனால் அந்த இடைவெளியைச் சந்தையின் அறியாமைக்கு அளவாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். கிரியேட்டர் சந்தையில் அந்த இடைவெளியை அளப்பதற்கே வழி குறைவு. விலை பெரும்பாலும் இரகசியம். விவகாரம் நீதிமன்றத்துக்கோ ஒழுங்காற்று அமைப்புக்கோ போகும்போதுதான் எண்கள் பொதுவெளிக்கு வருகின்றன.

அப்படி வந்தவற்றில் இரண்டு முக்கியமானவை. எத்தேரியம்மேக்ஸ் என்ற கிரிப்டோ டோக்கனைப் பற்றிக் கிம் கர்தாஷியன் 2021 ஜூனில் இட்ட இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 2,50,000 டாலர் பெற்றதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022 அக்டோபரில் வெளியிட்டது. பணம் பெற்றதைச் சொல்லாமல் விட்டதற்காக அவர் 12.6 லட்சம் டாலர் செலுத்தி விவகாரத்தை முடித்துக்கொண்டார். இன்னொன்று, நடக்காமலே போன ஃபயர் இசை விழா. 2017 ஜனவரியில் அதை விளம்பரப்படுத்திய கெண்டல் ஜென்னருக்கு 2,75,000 டாலர் தரப்பட்டதாகத் திவால் வழக்கில் தெரியவந்தது. அதில் 90,000 டாலரைத் திருப்பித் தர அவர் 2020இல் ஒப்புக்கொண்டார்.

இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் வேடிக்கை புரியும். கர்தாஷியனுக்கு அப்போது ஏறக்குறைய 22.5 கோடிப் பின்தொடர்வோர். ஜென்னருக்கு 2017 தொடக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அவர் வாங்கியது கூடுதல். பின்தொடர்பவர் ஒருவருக்கு ஒரு சென்ட் என்று மேற்கத்தியச் சந்தையில் நெடுங்காலம் ஒரு வாய்க்கணக்கு புழங்கியது. அதன்படி கர்தாஷியனுக்கு 22.5 லட்சம் டாலர் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது அதில் ஒன்பதில் ஒரு பங்கு.

இந்தியாவில் வெளிப்படையாக விலை அறிவித்தவை மாநில அரசுகள். 2023 ஜூனில் ராஜஸ்தான் அரசு, தன் திட்டங்களை விளம்பரப்படுத்தும் சமூக ஊடகக் கணக்குகளுக்குப் பின்தொடர்வோர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவு வகுத்து, மாதம் 10,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை என்றது. கீழ்ப்பிரிவின் வாசல் பத்தாயிரம் பேர். மேல்பிரிவின் வாசல் பத்து லட்சம் பேர். வாசலில் நிற்பவர்களுக்குக் கணக்குப் போட்டால் கீழே தலைக்கு ஒரு ரூபாய், மேலே ஐம்பது காசு. 2024 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச அமைச்சரவை ஒப்புதல் தந்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை இன்னும் தாராளம்: யூடியூப் வீடியோவுக்கு மாதம் 8 லட்சம் வரை. ஆட்சேபத்துக்குரிய பதிவுகளுக்கு எடுக்கும் நடவடிக்கையும் அதே கொள்கையில் இருந்தது. அரசு விளம்பரத்தை ஏற்பவர் விலையோடு சேர்த்து எதை விற்கிறார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தலைக்கணக்கின் கோளாறு

தலை எண்ணி விலை சொல்வதில் உள்ள முதல் சிக்கல், தலைகளை வாங்க முடியும் என்பது. தெவுமி என்ற அமெரிக்க நிறுவனம் போலிப் பின்தொடர்வோரை விற்றுவந்ததை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், கெட்டதற்கான விலையே நல்லதற்கும் கிடைக்கும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். 'இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க' என்று ஏஜென்சி கேட்பது அந்தப் பயத்தால்தான். நேர்மையான கிரியேட்டருக்கு அது அவமானமாகத் தோன்றலாம். உண்மையில் அந்த ஸ்கிரீன்ஷாட்டே அவரைப் போலிகளிலிருந்து பிரித்துக் காட்டும் மலிவான ஆதாரம்.

இரண்டாவது சிக்கல், அந்தத் தலைகள் கிரியேட்டரின் சொத்து அல்ல. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. சிற்றூர்களிலிருந்து லட்சக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்திருந்தவர்களின் கணக்குகள் ஓரிரு நாளில் செல்லாக் காசாயின. இன்ஸ்டாகிராம் அடுத்த மாதமே இங்கு ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே எல்லாரும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது சிக்கல் அண்மைக்காலத்தது, பலரும் கவனிக்காதது. 'பார்ட்னர்ஷிப் ஆட்ஸ்' என்ற வசதியில் கிரியேட்டரின் பெயரிலேயே வீடியோவை விளம்பரமாக ஓட்டி, மெட்டாவுக்குப் பணம் கட்டி, யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்கிறது. அதைப் பார்ப்பவர்களில் கிரியேட்டரைப் பின்தொடர்பவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அப்போது நிறுவனம் வாங்கியது அவரது முகத்தையும் குரலையும் அவர் எடுத்த படத்தையும். அதற்கு அவரது பின்தொடர்வோர் எண்ணிக்கையை வைத்து விலை பேசுவதில் எந்தத் தர்க்கமும் இல்லை.

விற்கப்படுவது எது?

மதுரைப் பக்கம் கணவனும் மனைவியும் நடத்தும் சமையல் சேனல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். சந்தாதாரர்கள் ஒன்றரை லட்சம். கடைசிப் பத்து வீடியோக்களின் சராசரிப் பார்வை 40,000. மரச்செக்கு நல்லெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்று முழு வீடியோ ஒன்று கேட்கிறது.

முதலில் உழைப்பு. கேமராவுக்கு வருபவருக்கு ஒரு நாள் 3,000, எடிட்டருக்கு 5,000, மளிகையும் காய்கறியும் 1,500, தம்பதியின் சொந்த உழைப்பு இரண்டு நாளுக்கு 6,000, மொத்தம் 15,500. இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு விளம்பரம் எடுத்துத் தந்ததாகும். அடுத்து கவனம். ஆயிரம் பார்வைக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 16,000. இரண்டும் சேர்ந்து 31,500. ஏஜென்சி '25க்கு முடிச்சுக்கலாமா, அடுத்த மாசம் இன்னொரு கேம்பெய்ன் இருக்கு' என்கிறது. அந்த அடுத்த மாதம் பெரும்பாலும் வருவதில்லை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இருந்தும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் இழப்பு அந்த 6,500 ரூபாயில் இல்லை. மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். வீடியோவை எல்லா ஊடகங்களிலும் 'பெர்பெச்சுவல்' ஆக, அதாவது காலவரம்பின்றி, பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பது ஒன்று. மூன்று மாதத்துக்கு வேறு எந்தச் சமையல் எண்ணெய் நிறுவனத்தோடும் வேலை செய்யக்கூடாது என்பது மற்றொன்று. சமையல் சேனலுக்கு எண்ணெய்தான் முதன்மை வாடிக்கை என்றால், அந்த இரண்டாவது வரி மூன்று மாத வருமானத்தின் பெரும்பகுதியை இலவசமாக எழுதி வாங்கிவிடுகிறது. முதல் வரி அதைவிடப் பெரிது. விளம்பரப் படத்தில் நடிக்க வரும் மாடலின் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எந்தெந்த ஊடகம் என்று எழுதப்படும். காலம் முடிந்தபின் ஓட்ட வேண்டுமானால் மறுபடி பணம் தர வேண்டும். கிரியேட்டரிடம் மட்டும் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்பதுபோல் பேசிவிட்டுக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிலைபெற்றிருக்கிறது.

உழைப்பு, கவனம், பயன்பாட்டு உரிமை, பிறரிடம் போகாதிருக்கும் கட்டுப்பாடு ஆகிய நான்கும் ஒரே எண்ணுக்குள் அடைபடும்போது கடைசி இரண்டும் விலையின்றிப் போகின்றன. 'கமர்ஷியல்ஸ் ஷேர் பண்ணுங்க' என்பதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாக அனுப்புவது அந்த ஏற்பாட்டுக்குக் கையெழுத்திடுவதற்குச் சமம். நான்கு வரியாகப் பிரித்து எழுதி அனுப்பினால் பேரத்தின் போக்கே மாறும். பட்ஜெட் குறைவு என்றால் எதைக் குறைத்துக்கொள்வது என்று நிறுவனம் சொல்ல வேண்டிவரும்: உரிமைக் காலத்தையா, திருத்தங்களின் எண்ணிக்கையையா, கட்டுப்பாட்டையா?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒப்பந்தமே இல்லை, வாட்ஸாப்பில் பேசி முடித்தாயிற்று, ஆகவே வீடியோ தன்னுடையது என்று நினைக்கும் கிரியேட்டர் ஏமாறக்கூடும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் தந்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் தந்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. சட்டத்தின் பார்வையில் 'திரைப்படம்' என்பதில் வீடியோவும் அடங்கும். எண்ணெய் நிறுவனம் கேட்டு, காசு கொடுத்து எடுத்த வீடியோவுக்கு நிறுவனம் உரிமை கோர இந்தப் பிரிவு இடம் தருகிறது. கல்யாண வீடியோவுக்குப் பொருத்தமான இந்த விதி, தன் சமையலறையில் தன் கதையைச் சொல்லி வருமானம் பார்ப்பவருக்கு எதிராகத் திரும்புகிறது. காகிதம் இல்லாத இடத்தில் சட்டம் நடுநிலையாக நிற்கவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

காகிதம் இருந்து, அதில் காலம் எழுதாமல் விட்டாலோ? 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு. எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா. 30ஏ பிரிவு இதையே உரிமங்களுக்கும் நீட்டிக்கிறது. ஆக, சும்மா விட்டாலே ஐந்து ஆண்டில் முடிகிற உரிமையை 'பெர்பெச்சுவல்' என்ற ஒரு சொல் முடிவில்லாததாக்குகிறது. எல்லை பற்றிய விதி தமிழ் கிரியேட்டர்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உடையது. தமிழ் சேனலின் பார்வையாளர்கள் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பரவியிருப்பார்கள். கோயம்புத்தூர் நிறுவனம் தமிழ்நாட்டுக்கு மட்டும் விலை பேசிவிட்டு அதே வீடியோவைத் தன் சிங்கப்பூர் கிளைக்கு ஓட்டினால், அது தனியாக விற்றிருக்க வேண்டிய உரிமை.

படத்தின் உரிமை போனாலும் முகம் தன்னுடையது என்ற வாதத்துக்கு இடமிருக்கிறது. அதற்கான தீர்ப்புகளில் இரண்டு தமிழ்நாட்டோடு தொடர்புடையவை. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது குறித்த 1994ஆம் ஆண்டு வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவரது ஒப்புதலின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் ரஜினிகாந்த் பெயரை இந்திப் படம் ஒன்று பயன்படுத்தியதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாக உத்தரவிட்டது. சூப்பர் ஸ்டாருக்குக் கிடைத்தது ஒன்றரை லட்சம் சந்தாதாரர் உள்ளவருக்கும் கொள்கையளவில் உண்டு என்று வாதிடலாம். வழக்கு நடத்தும் செலவுதான் ஒன்றல்ல.

தன்னை முன்வைத்தல்

பயிற்சி வகுப்புகளின் செல்லப்பிள்ளை 'மீடியா கிட்'. இரண்டு மூன்று பக்கத்தில் படம், அறிமுகம், எண்கள், முன்பு வேலை செய்த பிராண்டுகளின் லோகோ. மனிதர்கள் பிறர்முன் தங்களை மேடையில் நிறுத்துவதுபோல் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1950களில் எழுதியது இங்கே அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஆனால் விலை உயர்த்தும் கருவியாக மீடியா கிட்டின் வலிமை மிகைப்படுத்தப்படுகிறது. பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஓர் அடையாளம் தகுதியைச் சுட்ட வேண்டுமானால் தகுதியில்லாதவருக்கு அதைப் பெறுவது கடினமாக இருக்க வேண்டும். கேன்வா செயலியில் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஒன்று யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுபவை வேறு. சராசரிப் பார்வை, பார்ப்பவர்களின் ஊர்வாரி விவரம், வீடியோவின் எந்த நிமிடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்ற வரைபடம், முந்தைய விளம்பரத்தில் கூப்பன் குறியீடு எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கு. இவற்றைப் போலியாக உருவாக்குவது கடினம். ஓராண்டுக்கு முந்தைய வைரல் வீடியோவின் இருபது லட்சம் பார்வையை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவது வழக்கம். அனுபவமுள்ள ஏஜென்சிக்காரர் அதைத் தாண்டிக் கடைசிப் பத்து வீடியோவைத்தான் பார்ப்பார்.

பளபளப்பு சில நேரம் சரக்கையே கெடுத்துவிடும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைக் கடந்த முதல் தமிழ்ச் சேனலானது. கொரோனா நிவாரணமாக முதலமைச்சரிடம் 10 லட்சம் ரூபாய் அளித்தது. அடுத்த ஆண்டு 'விக்ரம்' படத்தில் தோன்றியது. வயல்வெளி, அண்டா, அம்மி, வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தா, உரத்த குரல். ஸ்டூடியோ வெளிச்சமும் எழுதிவைத்த வசனமும் அங்கே நுழைந்தால் மக்கள் எதற்காகப் பார்த்தார்களோ அது போய்விடும். 'முதல் ஐந்து விநாடிக்குள் பொருளின் பெயர் மூன்று முறை வர வேண்டும்' என்று பிரீஃப் அனுப்பும் நிறுவனம் தான் வாங்கவந்ததைத் தானே அழிக்கிறது. அப்படிப்பட்ட பிரீஃபுக்கு மறுப்பு எழுதுவதும் தொழில்முறைமையில் சேரும். எந்தப் பயிற்சி வகுப்பும் அதற்கு மாதிரிக் கடிதம் தருவதாகத் தெரியவில்லை.

விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்வது இன்னொரு முகம். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளது. பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதற்கான அடையாளம் எளிதில் கண்ணில் படவேண்டும், ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைக்கக்கூடாது, ஆங்கிலத்திலோ விளம்பரத்தின் மொழியிலோ பார்ப்பவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. 'ஆட்-னு போட்டா ரீச் போயிடும், கேப்ஷன்ல மட்டும் போடுங்க' என்ற வேண்டுகோள் இன்றும் வருவதுண்டு. அதை ஏற்பவர் எடுத்துக்கொள்ளும் ஆபத்தின் அளவைப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுமுறை 50 லட்சம் வரை அபராதம். ஓராண்டு, பின்னர் மூன்றாண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடை.

அதே பிரிவில் தப்பிக்க ஒரு வழியும் உண்டு: விளம்பரத்தில் சொல்லப்படுவது உண்மையா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்தவருக்கு அபராதம் இல்லை. நல்லெண்ணெய் நிறுவனம் 'கொலஸ்ட்ராலைக் குறைக்கும்' என்று சொல்லச் சொன்னால், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் அந்தக் கூற்றுக்கான ஆய்வக அறிக்கையையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைப்பது அந்த அக்கறைக்கு ஆதாரம். 25,000 ரூபாய் வேலைக்கு 10 லட்சம் ரூபாய் ஆபத்து என்பதால், அந்த மின்னஞ்சலின் மதிப்பு மீடியா கிட்டைவிடப் பல மடங்கு அதிகம்.

யாருக்கு என்ன விலை?

'உங்கள் மதிப்பை உணருங்கள்' என்ற அறிவுரை, விலை குறைவதைக் கேட்பவரின் தயக்கத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. கிடைத்துள்ள சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. அமெரிக்காவில் மக்கள் தொடர்பு நிறுவனமான எம்.எஸ்.எல். 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, வெள்ளையருக்கும் கறுப்பின இன்ஃப்ளூயன்சர்களுக்கும் இடையே வருமான இடைவெளி 35 விழுக்காடு என்றது. பிரிட்டனில் அடேசுவா அஜாயி என்பவர் 2020 ஜூனில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் பக்கம், கிரியேட்டர்கள் தங்களுக்கு வந்த விலைகளைப் பெயரின்றிப் பகிர இடம் தந்தது. ஒரே மாதிரி வேலைக்கு ஒருவருக்குக் காசும் இன்னொருவருக்கு இலவசப் பொருளும் தரப்பட்ட கதைகள் அங்கே குவிந்தன. 2022 மேயில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையும் இந்த ஏற்றத்தாழ்வைப் பதிவுசெய்தது.

ஆய்வாளர் புரூக் எரின் டஃபி 2017இல் எழுதிய நூலில், பின்னால் பலன் வரும் என்ற நம்பிக்கையில் இன்று கூலியின்றிச் செய்யப்படும் உழைப்பே இந்தத் துறையைத் தாங்குகிறது என்றும், அதில் பெண்களின் பங்கே அதிகம் என்றும் காட்டினார். தளங்களின் அல்காரிதம் எப்படி நடக்கிறது என்பதைக் கிரியேட்டர்கள் தங்களுக்குள் பேசிப்பேசி அறிவதை மற்றோர் ஆய்வாளர் சோஃபி பிஷப் 2019இல் ஆராய்ந்தார். விலையும் இப்படியான வாய்ப்பேச்சில்தான் தெரியவருகிறது. ஏஜென்சியில் தெரிந்தவர் இருப்பவருக்கு, நகரத்து வாட்ஸாப் குழுவில் இடம் கிடைத்தவருக்கு, ஆங்கிலத்தில் தயங்காமல் பதில் எழுதுபவருக்கு 'போன மாசம் அவங்க இவ்வளவு கொடுத்தாங்க' என்ற செய்தி போய்ச் சேரும். தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ வீட்டிலிருந்து தையல் வீடியோ போடும் பெண்ணுக்கு அது போய்ச் சேருமா? தையல் மெஷின் விற்கும் கம்பெனி அவருக்கு அனுப்புவது பெரும்பாலும் 'பார்ட்டர் கொலாப்': பொருள் இலவசம், காசு இல்லை.

பொருளாக வந்தால், பாக்கியாக நின்றால்

இலவசப் பொருளும் இலவசமில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் பிரிவு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில்வழி வரும் பொருள், வசதிகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரிப் பிடித்தம் உண்டு. காரோ கைபேசியோ உடையோ, வீடியோ எடுத்தபின் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது வருமானம் இல்லை, வைத்துக்கொண்டால் வருமானம் என்று நேரடி வரிகள் வாரியம் அதற்கு முந்தைய மாதமே சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. 60,000 ரூபாய் கைபேசியைக் 'கொலாப்' என்று வாங்கி வைத்துக்கொண்டவர் கையில் ஒரு ரூபாய் வராமலே 6,000 ரூபாய் வரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

பாக்கி விஷயத்தில் சட்டம் கிரியேட்டருக்கு ஓரளவு துணை. குறு, சிறு நிறுவனமாக உத்யம் தளத்தில் பதிந்துகொண்டவருக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 'கேம்பெய்ன் முடிஞ்சு 90 நாள்' என்ற வாசகத்தை மறுக்க இது போதும். உத்யம் எண்ணை இன்வாய்ஸின் தலைப்பில் அச்சிடுவதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் பாக்கிக்காகப் புகார் செய்தவரை ஏஜென்சி அடுத்த முறை கூப்பிடுமா என்ற பயத்தைச் சட்டம் போக்குவதில்லை.

சேர்ந்து பேச முடியுமா?

தமிழ்த் திரைப்படத்தில் லைட்மேனுக்கும் ஒப்பனைக் கலைஞருக்கும் நாள் சம்பளம் இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் கீழுள்ள சங்கங்கள் தயாரிப்பாளர்களோடு பேசி வைத்திருக்கின்றன. ஒப்பந்தம் மீறப்படுவதுண்டு, சங்கங்களுக்குள் சண்டையும் உண்டு. ஆனால் படப்பிடிப்புக்குப் புதிதாக வருபவருக்கும் கேட்க ஓர் எண் இருக்கிறது. லட்சம் பேர் பார்க்கும் சேனலை நடத்துபவருக்கு அது இல்லை.

அமெரிக்காவில் திரை, தொலைக்காட்சிக் கலைஞர்களின் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2021 பிப்ரவரியில் இன்ஃப்ளூயன்சர்களுக்கென ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதுவும் விலையை நிர்ணயிக்கவில்லை. தொகையைப் பேசிக்கொள்ளும் பொறுப்பை இரு தரப்புக்கும் விட்டுவிட்டு, ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பங்களிப்பு வர வழிசெய்தது. இந்தியாவில் கிரியேட்டர்கள் கூடி 'இதற்குக் கீழே யாரும் போகக்கூடாது' என்று தீர்மானித்தால் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அவர்கள் யாருக்கும் ஊழியர்கள் இல்லை, ஒவ்வொருவரும் தனித் தொழில் நடத்துபவர். தனித்தனி வணிகர்கள் விலையைச் சேர்ந்து தீர்மானிப்பது போட்டியைக் கெடுக்கும் என்றே அச்சட்டம் அனுமானிக்கிறது. இதே முடிச்சை ஐரோப்பிய ஆணையம் 2022 செப்டம்பரில் ஓரளவு அவிழ்த்தது: தனியாளாகச் சுயதொழில் செய்பவர்கள் பணி நிபந்தனைகள் பற்றிக் கூட்டாகப் பேரம் பேசுவது சில நிலைமைகளில் போட்டிச் சட்டத்துக்கு முரணாகாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

அத்தகைய விலக்கு இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. விலைக்கான இடத்தைக் காலியாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் நிரப்பிய தமிழ் மாதிரி ஒப்பந்தத்தை வகுப்பதில் விலை நிர்ணயம் எதுவும் இல்லை. பதிப்புரிமை கிரியேட்டருக்கே; நிறுவனத்துக்கு உரிமம் இத்தனை மாதம், இந்தத் தளங்களில், இந்த நாட்டில்; திருத்தம் இரண்டு முறை; பாதி முன்பணம்; மீதி 45 நாளுக்குள்; விளம்பரம் என்ற அடையாளம் தமிழில்; பொருளைப் பற்றிய கூற்றுகளுக்கு ஆதாரம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். யூடியூபர்களுக்கு விருது விழா நடத்தும் அமைப்புகளுக்கும் சட்டக் கல்லூரிகளின் இலவசச் சட்ட உதவி மையங்களுக்கும் அதை எழுதி வெளியிடும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.